பழைய தொலைக்காட்சியும் புதிய அலையும்: மாற்றத்தின் செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் 2006 தொடங்கி ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. குடிசை வீட்டிலும் மீனவக் குப்பத்திலும் மலைக் கிராமத்திலும் அந்தப் பெட்டி இடம்பிடித்தது. படக்குழாய் வைத்த அந்தப் பெட்டிகளுக்கு வாங்கத் தெரிந்தது அனலாக் அலை ஒன்றைத்தான். அதே காலத்தில் உலகம் அனலாக் ஒளிபரப்பை மூடத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்து 2006 டிசம்பரில் தரைவழி அனலாக் ஒளிபரப்பை முழுவதுமாக நிறுத்தியது. அதே ஆண்டு ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாடு, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசிய நாடுகளுக்கு அனலாக்கை விட்டு வெளியேற 2015 ஜூன் 17 என்று நாள் குறித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2017இல், தமிழக அரசு இன்னொரு பெட்டியை வீடு வீடாக இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது செட்டாப் பாக்ஸ்.

முதல் பெட்டி ஏன் போதாமல் போனது? இரண்டாவது பெட்டி என்ன வேலை செய்கிறது? அதற்கான செலவை உலகின் பல நாடுகளில் யார் ஏற்றார்கள்? தமிழ்நாட்டில் யார் ஏற்றார்கள்? அந்தப் பெட்டி உண்மையில் யாருடைய உடைமை? இந்தக் கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய தொலைக்காட்சியில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பார்ப்பது பொறியியலைப் பொறுத்தவரை எப்போதோ தீர்ந்துவிட்ட சிக்கல். பணத்தையும் உரிமையையும் பொறுத்தவரை அது இன்னும் தீரவில்லை. இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே அடுக்குகிறேன்.

அலையில் என்ன மாறியது?

இந்தியாவில் அனலாக் தொலைக்காட்சி பால் என்னும் முறையில் இயங்கியது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். படத்தின் ஒளி கூடுவதும் குறைவதும் அப்படியே அலையின் ஏற்ற இறக்கமாகக் காற்றில் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கி, படக்குழாயில் ஓடும் எலக்ட்ரான் கற்றையைக் கூட்டிக் குறைத்தது. அலைக்கும் படத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தான் அலை சற்றுக் கெட்டாலும் படம் ஓரளவு தெரிந்தது. புள்ளி புள்ளியாகவும் நிழல் விழுந்தும் தெரிந்த படத்தைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்த முறையின் குறை, அது அலைவரிசையை விழுங்கியதுதான். ஒரே ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடம் முழுவதும் போய்விடும். டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாறுகின்றன. சாதாரணத் தரத்தில் ஒரு படத்தை எண்ணாக்கினால் நொடிக்கு 270 மெகாபிட் வரை வரும். எம்பெக் என்னும் சுருக்க முறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மாறாத பகுதிகளை மறுபடி அனுப்பாமல் விட்டு, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களையும் கழித்து, அதை நொடிக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. இதனால், முன்பு ஒரு சேனல் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் உட்காரலாம். ஒளிபரப்பாளருக்கு மின்செலவு குறைகிறது. மிச்சமாகும் அலைவரிசையை அரசு கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடலாம். மாற்றத்துக்கான மிகப் பெரிய பொருளாதாரக் காரணம் இந்த மிச்சம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செலவுக் கணக்கு எளிதில் விளங்கும்.

பார்வையாளருக்கு வந்த மாற்றம் வேறு. டிஜிட்டல் அலை ஓரளவு கெட்டாலும் படம் பளிச்சென்று இருக்கும், பிழைதிருத்தும் எண்கள் அதைச் சரிசெய்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டிக் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, முற்றிலும் நின்றுவிடும். மங்கலாகத் தெரியும் இடைநிலை கிடையாது. ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து எட்ட இருந்து, மங்கலான படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பு. 

செட்டாப் பாக்ஸ் செய்யும் வேலை

பழைய தொலைக்காட்சிக்குத் தெரியாத வேலையை எல்லாம் செட்டாப் பாக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உள்ளே வரும் அலையில் வேண்டிய அலைவரிசையை ட்யூனர் பிடிக்கிறது. அடுத்த சில்லு அலையிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கிறது. ஒரே ஓட்டத்தில் கலந்துவரும் பத்துப் பதினைந்து சேனல்களில் நாம் கேட்டதை மட்டும் இன்னொரு பகுதி பிரிக்கிறது. கட்டணச் சேனலாக இருந்தால் பூட்டைத் திறக்கும் அமைப்பு, சந்தா கட்டியிருக்கிறோமா என்று பார்க்கிறது. பிறகு சுருக்கத்தை விரித்து, படத்தையும் ஒலியையும் மறுபடி அனலாக்காக மாற்றி வெளியே தருகிறது. கடைசியில் வருவது பழைய பெட்டிக்குப் பழக்கமான அதே பால் படம்தான். ஆகவே பழைய தொலைக்காட்சிக்குள் எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டியதில்லை.

இணைப்பு மூன்று வகைப்படும். தொலைக்காட்சியின் முன்புறமோ பின்புறமோ மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் வேலை சுலபம். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது ஒலிக்கு, சிவப்பு வலது ஒலிக்கு. ஒற்றை ஒலிபெருக்கி உள்ள தொலைக்காட்சியில் சிவப்புத் துளை இருக்காது. மஞ்சளும் வெள்ளையும் போதும். ரிமோட்டில் ஏவி பொத்தானை அழுத்தினால் படம் வரும். இரண்டாவது வகை, 1980களில் வந்த, ஆன்டெனா துளை மட்டுமே உள்ள தொலைக்காட்சி. இதற்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் என்னும் சிறு கருவி தேவை. செட்டாப் பாக்ஸின் படத்தை ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் போல ஒரு சேனலில் ஏற்றித் தரும் கருவி அது. தொலைக்காட்சியில் அந்தச் சேனலைத் தேடிப் பதிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, புதிதாக வரும் சில செட்டாப் பாக்ஸ்களில் ஹெச்டிஎம்ஐ துளை மட்டுமே இருப்பது. அப்போது ஹெச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கருவியை இடையில் வைக்க வேண்டும். பழைய தொலைக்காட்சிக்காகச் செட்டாப் பாக்ஸ் வாங்குபவர், அதில் ஏவி துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

வீடுகளில் அடிக்கடி வரும் குறைகள் சிலவற்றுக்குக் காரணம் மிகச் சிறியது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, செட்டாப் பாக்ஸின் அமைப்பில் வெளியீடு பால் முறைக்குப் பதிலாக அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்கள் ஒட்டடைக்குச்சி போல மெலிந்து தெரிந்தாலும், எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டாலும், அது பட விகிதக் கோளாறு. புதிய ஒளிபரப்பு 16:9 அகலத்தில் வருகிறது. பழைய திரையோ 4:3. அமைப்பில் 4:3 லெட்டர்பாக்ஸ் என்பதைத் தேர்ந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் சரியான உருவில் முழுதாகத் தெரியும். ஒரே ஊசித்துளையிலிருந்து மூன்று நிறமாகப் பிரியும் ஏவி வயரில், வயருக்கு வயர் உள்ளிணைப்பு மாறும். மஞ்சளில் படம் வராமல் இரைச்சல் கேட்டால், மூன்று முனைகளையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொலைக்காட்சி பழுது என்று எண்ணிப் பலர் நல்ல பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் தவறு அமைப்பிலோ வயரிலோதான் இருந்திருக்கும்.

ஆன்டெனா, டிஷ், கேபிள்: மூன்று வழிகள்

டிஜிட்டல் அலை வீட்டுக்கு வரும் வழிகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பெட்டி வேறு. இது புரியாமல் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியை இங்கே செருகிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

முதல் வழி தரைவழி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. பின்னர் கொடைக்கானல், இராமேஸ்வரம் போன்ற இடங்களில் எழுந்த கோபுரங்கள் தூர்தர்ஷனை மொட்டைமாடி ஆன்டெனாவுக்குக் கொண்டுவந்தன. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை டிவிபி-டி2 முறையில் தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியது. பழைய யாகி ஆன்டெனாவே இதற்குப் போதும். டிஜிட்டல் ஆன்டெனா என்று தனியாக ஒன்று கிடையாது, அலைவரிசைக்கு ஏற்ற ஆன்டெனா என்பதே உண்டு. ஆனால் அந்த முறைக்கான செட்டாப் பாக்ஸ் மக்களிடம் பரவவே இல்லை. பெட்டி இல்லாததால் பார்ப்பவர் இல்லை, பார்ப்பவர் இல்லாததால் பெட்டியும் வரவில்லை. பிறகு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 நிலையங்கள் தவிர, மற்ற அனலாக் தரைவழி நிலையங்கள் அனைத்தையும் 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக அறிவித்தது.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்று அழைக்கப்படும் சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. டிஷ், எல்என்பி, பெட்டி ஆகியவற்றை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும். சந்தா கட்ட இயலாத வீட்டுக்கு நாட்டிலேயே பெரிய துணை இதுதான். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு குறை உண்டு: டிடி தமிழ் இருக்கிறது, மக்கள் விரும்பிப் பார்க்கும் தனியார் தமிழ்ச் சேனல்களோ மிகச் சில. இந்தி பேசும் மாநிலங்களில் இந்தச் சேவை வேரூன்றியதற்கும் இங்கே ஊன்றாததற்கும் இதுவே காரணம். கட்டண டிடிஹெச் நிறுவனங்களும் இதே வழியில்தான் இயங்குகின்றன.

மூன்றாவது வழி கேபிள். தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். 1993இல் சன் தொலைக்காட்சி வந்த பிறகு, தெருவுக்குத் தெரு கேபிள்காரர் வயர் இழுத்தார். அனலாக் காலத்தில் அந்த வயரை நேரே தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் போதும். டிஜிட்டலுக்கு மாறியதும் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் கட்டாயமாயிற்று. வீட்டில் இரண்டு தொலைக்காட்சி இருந்தால் இரண்டு பெட்டி, இரண்டு சந்தா.

உலக நாடுகள் செலவை எப்படிப் பகிர்ந்தன?

ஒளிபரப்பை நிறுத்துவது அரசின் முடிவு. அந்த முடிவால் ஏழை வீட்டில் ஒரு பொருள் பயனற்றுப்போகிறது. அப்படியானால் ஈடுசெய்வது யார் கடமை? இந்தக் கேள்விக்கு நாடுகள் கொடுத்த விடைகள் பல வகை.

அமெரிக்கா கூப்பன் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தலா 40 டாலர் மதிப்புள்ள இரண்டு கூப்பன்கள் வரை தரப்பட்டன. அதைக் கடையில் கொடுத்து மாற்றுப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம். முழுத்திறன் நிலையங்கள் 2009 பிப்ரவரி 17 அன்று அனலாக்கை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த ஜனவரியிலேயே கூப்பனுக்கான நிதி வரம்பை எட்டிவிட்டது. விண்ணப்பித்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். கூப்பன் 90 நாளில் காலாவதியாகும் என்ற விதியும் பலரைக் கைவிட்டது. நாடாளுமன்றம் கூடி நாளை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தது, கூடுதல் நிதியும் ஒதுக்கியது. மாற்றத்தால் மிச்சமான 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2008இல் ஏலம் விட்டதில் சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. கூப்பனுக்கு முதலில் ஒதுக்கியதோ 150 கோடி டாலர். வரவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடச் செலவாகாத இடத்தில்தான் நிதி தீர்ந்தது என்று மக்களைக் காக்க வைத்தார்கள்.

பிரிட்டன் வேறு விதமாக யோசித்தது. 2007 அக்டோபரில் ஒயிட்ஹேவன் என்னும் சிற்றூரில் தொடங்கி, பகுதி பகுதியாக ஐந்தாண்டுகள் எடுத்துக்கொண்டு, 2012 அக்டோபர் 24 அன்று வட அயர்லாந்தில் முடித்தது. 75 வயது கடந்தவர்கள், உடற்குறை உள்ளவர்கள், பார்வை இழந்தவர்கள் ஆகியோருக்கென்று தனி உதவித் திட்டம் வகுத்து, அதற்கு 60 கோடி பவுண்டு ஒதுக்கியது. பெட்டி தந்ததோடு நிற்கவில்லை. ஆள் வந்து பொருத்தி, ரிமோட்டை எப்படி இயக்குவது என்று கற்றுக்கொடுத்து, பிறகு குறை வந்தால் கேட்க வழியும் வைத்திருந்தார்கள். பெட்டியின் விலையைவிட அதை இயக்கத் தெரியாத தயக்கமே முதியவர்களுக்குப் பெரிய தடை என்பதை அவர்கள் முன்கூட்டியே கண்டுகொண்டது பாராட்டத்தக்கது.

பிரேசில் காட்டிய வழி எல்லாவற்றிலும் நேர்மையானது என்பேன். 2014இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலம் எடுத்த கைபேசி நிறுவனங்களே மாற்றத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்று ஏல விதியிலேயே எழுதினார்கள். அந்தப் பணத்தில், அரசின் உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளும் ஆன்டெனாக்களும் இலவசமாகச் சென்றன. மக்களில் எத்தனை பேர் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்த பிறகே அங்கங்கே அனலாக்கை நிறுத்தினார்கள். ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று நாடு முழுவதும் நிறுத்தியபோதும், சுனாமி தாக்கிய இவாதே, மியாகி, ஃபுகுஷிமா மாவட்டங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை பொறுத்தது.

தமிழர் வாழும் நாடுகளில் மலேசியா 2019 அக்டோபர் 31 அன்று மாற்றத்தை முடித்தது. அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகத் தந்தது. வசந்தம் அலைவரிசை வழியே தமிழ் ஒலிக்கும் சிங்கப்பூர், 2017 இறுதியில் நிறுத்துவதாக இருந்ததை ஓராண்டு தள்ளி 2018 இறுதியில் நிறுத்தியது; வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் கட்டணத் தொலைக்காட்சி இல்லாத குடும்பங்களுக்கு உதவித் தொகுப்பு வழங்கியது.

இலங்கை 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இந்தத் தேர்வில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 1982இல் ரூபவாகினி தொடங்கியபோது, தமிழகக் கடலோர மக்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தார்கள். இரு நாடுகளும் பால் முறையில் ஒளிபரப்பியதால் ஒரே பெட்டி இரண்டையும் வாங்கியது. டிஜிட்டலில் இந்தியா டிவிபி-டி2, இலங்கை ஐஎஸ்டிபி-டி. அலை கடலைத் தாண்டி வந்தாலும் இங்குள்ள பெட்டிக்கு அது புரியாது. பாக் நீரிணையின் இரு கரையும் பகிர்ந்துகொண்ட ஒளிபரப்பு, தர நிர்ணயத்தால் பிரிந்துபோகிறது. இதைப் பற்றி இரு நாட்டிலும் யாரும் மக்களிடம் கேட்கவில்லை.

தமிழ்நாடு கண்ட அனுபவம்

இந்தியாவில் செட்டாப் பாக்ஸின் முதல் சோதனைக்களம் சென்னை. 2003 செப்டம்பரில் காஸ் என்னும் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல்களைப் பார்க்கச் செட்டாப் பாக்ஸ் வேண்டும். இலவசச் சேனல்களை 72 ரூபாய்க்குப் பெட்டி இல்லாமலே பார்க்கலாம். அறிவித்த நான்கு பெருநகரங்களில் அப்போது சென்னை மட்டுமே அதை நிறைவேற்றியது. மக்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் பெட்டி வாங்காமல், கிடைத்த இலவசச் சேனல்களோடு நின்றுகொண்டார்கள். தேவையில்லாததற்குப் பணம் கட்ட மாட்டோம் என்று பார்வையாளர்கள் தெளிவாகச் சொன்ன தருணம் அது.

அந்தத் தேர்வு அடுத்த சட்டத்தில் இல்லை. 2011இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தைத் திருத்தி, கேபிள் முழுவதையும் நான்கு கட்டங்களில் டிஜிட்டலாக்க மத்திய அரசு முடிவுசெய்தது. முதல் கட்டத்தில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்கள், 2012 அக்டோபர் 31. இரண்டாம் கட்டத்தில் கோயம்புத்தூர் உட்பட 38 நகரங்கள், 2013 மார்ச் 31. மற்ற நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் குறித்த நாட்கள் பலமுறை தள்ளிப்போய், 2017 மார்ச் 31இல் வந்து நின்றன. சென்னையில் வழக்குகளாலும் உரிமச் சிக்கலாலும் முதல் கட்டமே நீண்டகாலம் தடைபட்டது. இந்த முறையில் இலவசச் சேனலுக்கும் பெட்டி கட்டாயம். பெட்டியின் விலையைப் பார்வையாளரே ஏற்க வேண்டும். உலக நாடுகள் வகுத்த கூப்பனோ முதியோர் உதவியோ மத்தியத் திட்டத்தில் இடம்பெறவில்லை.

அந்த இடைவெளியை மாநில அரசின் நிறுவனம் நிரப்பியது. 2007இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. டிஜிட்டல் உரிமம் கேட்டு 2012இல் விண்ணப்பித்தும், அது கிடைத்தது 2017 ஏப்ரலில்தான். ஒரு மாநில அரசு ஒளிபரப்பில் இறங்கலாமா என்ற கொள்கைத் தகராறு அந்த ஐந்தாண்டுகளை விழுங்கியது. உரிமம் வந்த பிறகு, 2017 செப்டம்பரில் இலவசச் செட்டாப் பாக்ஸ் திட்டம் தொடங்கியது. 70 இலட்சம் பெட்டிகள் தருவதாக அரசு அறிவித்தது. பழைய 14 அங்குலத் தொலைக்காட்சிகள் அந்தப் பெட்டியால் பிழைத்தன.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறையில், 100 சேனல் வரை பார்க்க வலையமைப்புக் கட்டணமே 130 ரூபாயாக இருந்தது, வரி தனி. கட்டணச் சேனல்களுக்கு மேலும் விலை. எழுபது ரூபாய் வீடு இரண்டு மடங்குக்கு மேல் கட்டும் வீடானது. மாற்றத்தின் செலவைக் கணக்கிடுபவர்கள் பெட்டியின் விலையோடு நின்றுவிடக் கூடாது. ஒருமுறை கொடுக்கும் விலையைவிட மாதாமாதம் கட்டும் சந்தாவே ஏழைக் குடும்பத்தை அழுத்துகிறது.

பெட்டி யாருடையது?

இதுவரை பார்த்ததில் பேசப்படாமல் இருக்கும் பகுதி இதுதான். ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் இயங்காது. கேபிளிலிருந்து டிஷ்ஷுக்கு மட்டுமல்ல, ஒரு கேபிள் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் பழைய பெட்டி பயனற்றுப்போகிறது. கைபேசியில் சிம்மை மாற்றினால் போதும். தொலைக்காட்சியில் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். காரணம், ஒவ்வொரு நிறுவனமும் சேனல்களைப் பூட்டுவதற்கு வேறு வேறு முறையைப் பயன்படுத்துகிறது. அந்தப் பூட்டின் திறவுகோல் பெட்டிக்குள்ளேயே பிரிக்க முடியாதபடி பதிந்திருக்கிறது.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு உண்டு. திறவுகோலைத் தனிக் கருவியாக்கி, எந்தப் பெட்டியிலும் செருகும்படி செய்யலாம். டிடிஹெச் உரிம விதிகளில் தொடக்கத்திலிருந்தே இப்படி ஒரு நிபந்தனை இருந்தும், அந்தத் தனிக் கருவி சந்தையில் மக்களுக்குக் கிடைக்கவே இல்லை. 2020 ஏப்ரலில் டிராய், கேபிள், டிடிஹெச் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் செட்டாப் பாக்ஸ் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக இயங்க வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்திருந்தால், ஒரு கேபிள் நிறுவனம் பிடிக்காதவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு கேபிள் நிறுவனத்துக்குப் போகலாம். கோடிக்கணக்கான பெட்டிகள் குப்பைக்குப் போகாமல் தப்பியிருக்கும்.

பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் அதன் உயிர் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதை 2022 நவம்பர் காட்டியது. அரசு கேபிள் பெட்டிகளின் மென்பொருளில் ஏற்பட்ட தடங்கலால், தமிழகத்தின் பல பகுதிகளில் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒளிபரப்பு நின்றது. தொலைக்காட்சியில் பழுதில்லை, வயரில் பழுதில்லை, சந்தாவும் கட்டியாயிற்று. ஆனாலும் படம் வரவில்லை. அனலாக் காலத்தில் இப்படி ஒன்று நடந்திருக்க முடியாது.

மாதச் சந்தா இல்லாத வழியை எளிதாக்க இன்னொரு முயற்சியும் நடக்கிறது. செயற்கைக்கோள் ட்யூனரைத் தொலைக்காட்சிக்குள்ளேயே வைக்கும்படியான தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் வெளியிட்டது. இனி வாங்கப்படும் தொலைக்காட்சிகளுக்கு இது நல்லது. டிஷ் மட்டும் கட்டினால் இலவசச் சேனல்கள் பெட்டியில்லாமல் தெரியும். பழைய தொலைக்காட்சி வைத்திருப்பவருக்கு அதில் பயனில்லை.

பழைய தொலைக்காட்சியை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், படம் நன்றாக இருக்கும்வரை. 14 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி சுமார் 50 முதல் 60 வாட் எடுக்கிறது. செட்டாப் பாக்ஸ் 10 வாட் அளவு. இரண்டும் சேர்ந்தாலும் பெரிய எல்இடி தொலைக்காட்சியின் மின்செலவைத் தாண்டாது. கவனிக்க வேண்டியது ஒன்று: தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டால், அது இரவும் பகலும் மின்சாரம் எடுத்து மாதம் ஏழு யூனிட் வரை ஏற்றிவிடும். சுவரில் உள்ள சுவிட்சையே அணைப்பது நல்லது.

படக்குழாய்க்குள் சுமார் 20,000 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. அணைத்த பிறகும் அது சிறிது நேரம் தேங்கி நிற்கும். ஆகவே பின்மூடியைத் தாமே திறந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. அந்தக் கண்ணாடியில் கணிசமான ஈயமும் இருக்கிறது. உடைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் குளக்கரையில் கொட்டுவது மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு. மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் இருக்கின்றன. புதிய விதிகள் 2023 ஏப்ரலில் வந்தன. அவற்றின்படி உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை போக வேண்டும். நன்றாக ஓடும் பெட்டியைச் செட்டாப் பாக்ஸ் வைத்து இன்னும் சில ஆண்டு ஓட்டுவது, பணத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

முடிவு

இத்தனை நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. ஒன்று, மாற்றத்தால் மிச்சமான அலைவரிசையிலிருந்து வரும் பணத்தின் ஒரு பங்கு, மாற்றத்தால் பாதிக்கப்பட்ட வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பிரேசில் அதைச் செய்து காட்டியிருக்கிறது. இரண்டு, பெட்டி கொடுப்பதோடு கடமை முடியாது; பொருத்தித் தருவதும் இயக்கக் கற்றுத் தருவதும் அதன் பகுதி என்பதைப் பிரிட்டன் காட்டியிருக்கிறது. மூன்று, பணம் கொடுத்தோ அரசிடம் பெற்றோ ஒரு குடும்பம் வைத்திருக்கும் பெட்டி, எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்க வேண்டும். இந்த மூன்றாவதை அந்தந்தப் பிரிவுக்குள்ளாவது எழுதி வைத்தது டிராயின் பரிந்துரை. அதை நடைமுறைப்படுத்துவது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

தமிழக அரசுக்கும் ஒரு வேண்டுகோள். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்ச் சேனல்கள் கூடுதலாக இடம்பெற மத்திய அரசிடமும் ஒளிபரப்பாளர்களிடமும் தொடர்ந்து வற்புறுத்த வேண்டும். சந்தா கட்ட இயலாத முதியவர் வீட்டிலும் செய்தியும் புயல் எச்சரிக்கையும் தமிழில் கேட்க வேண்டும். ஒளிபரப்பு பொதுச்சொத்து, அது கடைசி வீட்டுக்கும் சென்று சேர்வதே அரசின் பொறுப்பு.